கலயத்தைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்

மண்பாண்டத்துக்கு இப்போது நல்ல காலம். தண்ணீர்ப் பானை, மீன்குழம்புச் சட்டி, தயிர்ச்சட்டி எல்லாம் வீடுகளுக்குத் திரும்பி வந்திருக்கின்றன. வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். குயவருக்குப் பிழைப்பு கிடைக்கிறது, குழம்புக்கும் ருசி கூடுகிறது. ஆனால் கூடவே ஒரு தவறான கருத்தும் பரவிவிட்டது. புளிக்கிற, நுரைக்கிற, நொதிக்கிற எதற்கும் மண்பாண்டமே உத்தமம், கண்ணாடியும் எவர்சில்வரும் வெள்ளைக்காரனின் ஆலைச் சாமான்கள் என்பதே அந்தக் கருத்து. வீட்டில் பீர் காய்ச்சச் சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில் வாழும் நம் பிள்ளைகள் வரைக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கிறது. முதல் நொதித்தல் வாளியில் நடந்தால் போதும், இரண்டாம் நொதித்தலுக்குப் பீரை மண்பானைக்கு மாற்றினால்தான் அது உயிருள்ள பானமாகும் என்கிறார்கள். ஆதாரம் கேட்டால் தூத்துக்குடிக் கடற்கரையைக் காட்டுகிறார்கள். உடன்குடியிலும் திருச்செந்தூரிலும் பனையேறிகள் காலங்காலமாக மண்கலயம்தானே கட்டுகிறார்கள் என்று கேட்கிறார்கள்.

கட்டுகிறார்கள், உண்மை. ஆனால் அந்தக் கலயம் இவர்கள் பக்கம் சாட்சி சொல்லவில்லை. அதை ஒழுங்காக விசாரித்தால் இவர்கள் வாதம் அங்கேயே உடைந்துவிடும்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருக்கிறது. உரிமமின்றி வீட்டில் பீர் காய்ச்சுவது இங்கே குற்றம். கள் இறக்கவும் 1987 முதல் தடை. ஆனால் பிரிட்டனில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்குப் பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978-இல் மத்திய அரசின் சட்டம் வழிவிட்டது. சிங்கப்பூரில் 2004 முதல் வீட்டு உபயோகத்துக்கு அளவோடு காய்ச்சலாம். எங்கள் தூத்துக்குடி கடலோடிப் பிழைக்கும் ஊர். எங்கள் பிள்ளைகள் அந்த நாடுகளிலெல்லாம் இருக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

இரண்டாம் நொதித்தல் என்றால் என்ன என்பதில் தெளிவு வேண்டும். மால்ட் ஊறலைக் கொதிக்க வைத்து, ஹாப்ஸ் சேர்த்து, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டதும் முதல் சில நாட்கள் கொந்தளிப்பாக இருக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடும். வாயு விடாமல் பொங்கி வருவதால் காற்று உள்ளே நுழைய இடமே இருக்காது. அந்த நாட்களில் பாண்டம் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் பீர் தாங்கிக்கொள்ளும். பிறகு கொந்தளிப்பு அடங்கி, ஈஸ்ட் மண்டியாக அடியில் படியும். அந்த மண்டியை விட்டுவிட்டு மேலே உள்ளதை வேறொரு பாண்டத்துக்கு மாற்றி, வாரக்கணக்கில் தெளியவிடுவதையே இரண்டாம் நொதித்தல் என்கிறார்கள்.

இந்தக் கட்டத்தில் வாயு அநேகமாக வருவதில்லை. முன்பு பீரைக் காத்த போர்வை விலகிவிட்டது. உள்ளே இருப்பது நான்கைந்து விழுக்காடு ஆல்கஹால் கொண்ட, லேசான புளிப்புள்ள, எளிதில் கெடக்கூடிய ஒரு நீர். அதற்கு இரண்டு எதிரிகள். ஒன்று காற்று, அது பட்டால் பீர் சில வாரங்களில் நனைந்த அட்டையின் வாடைக்கு வந்துவிடும். மற்றொன்று வேண்டாத நுண்ணுயிர். ஆகவே இரண்டாம் பாண்டம் காற்றை உள்ளே விடக்கூடாது. நுண்ணுயிர் ஒளிய இடம் தரக்கூடாது. புளிப்பில் கரையக்கூடாது. இந்த மூன்று வேலைக்கும் மண்பானை ஆகுமா என்பதுதான் கேள்வி.

இப்போது கலயத்தை விசாரிப்போம். பனம்பாளையைச் சீவினால் சொட்டுகிற சாறில் பத்திலிருந்து பதினாறு விழுக்காடு வரை சர்க்கரை இருக்கிறது. சொட்டும்போது அதில் புளிப்பே கிடையாது. வெயில் ஏறியதும் சில மணி நேரத்தில் நொதிக்கத் தொடங்கிவிடும். பதநீர் வேண்டும் என்றால் பனையேறி என்ன செய்கிறார்? கலயத்தின் உட்புறம் முழுக்கச் சுண்ணாம்பு தடவுகிறார். முத்துக் குளித்த இந்தக் கடற்கரையில் சிப்பியையும் கிளிஞ்சலையும் சுட்டு நீற்றிய சுண்ணாம்புக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. அந்தச் சுண்ணாம்பின் காரம் ஈஸ்டையும் பாக்டீரியாவையும் தலையெடுக்க விடாது. சாறு இனிப்பாகவே இறங்குகிறது, காய்ச்சினால் கருப்பட்டியாகிறது. அந்த உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. சுண்ணாம்பு தடவாமல் விட்டால் அதே மரத்தில், அதே பாளையில், அதே கலயத்தில் கள் ஊறும்.

இதிலிருந்து என்ன விளங்குகிறது? வெறும் மண்சுவர் சும்மா இருப்பதில்லை. அதன் நுண்துளைகளில் போன தடவையின் ஈஸ்டும், லாக்டிக் பாக்டீரியாவும், காடி பாக்டீரியாவும் குடியிருக்கின்றன. புதுச்சாறு விழுந்ததும் அவை எழுந்து வேலையைத் தொடங்குகின்றன. கழுவினாலும் போவதில்லை, வெயிலில் காயவைத்தாலும் முழுதாகப் போவதில்லை. கள்ளுக்கு அதுதான் வேண்டும். பனையேறிக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரியும். மண் உயிர்ப்பிக்கும் என்பதும் தெரியும், அந்த உயிரை அடக்க வேண்டிய இடத்தில் சுவருக்குப் பூச்சு வேண்டும் என்பதும் தெரியும். அவர் எந்த நாளும் மண்ணை மண் என்பதற்காக நம்பியதில்லை. வேலையைப் பார்த்துச் சுவரை மாற்றினார். அவரைக் காட்டி வெறும் மண்பானையில் பீரை மாதக்கணக்கில் வை என்று சொல்கிறவர்கள் அவர் தொழிலையே கவனிக்காதவர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கள் அன்றைக்கே குடிக்கிற பானம். காலையில் இறக்கியது மாலைக்குள் கடுக்கும், மறுநாள் புளித்துக் காடியின் வழிக்குப் போய்விடும். மூன்று வாரம் ஒரு பானத்தைக் காத்துக்கொடு என்று கலயத்திடம் யாரும் கேட்டதில்லை. கேட்காத வேலையில் அது தேறிவிட்டதாக எப்படிச் சொல்ல முடியும்? கள்ளை நாள்கணக்கில் வைத்திருக்க வேண்டிய தேவை வந்தபோது தமிழர்கள் என்ன செய்தார்கள் என்பதை யாழ்ப்பாணத்தில் பார்க்கலாம். அங்கே பனங்கள்ளைச் சூடாக்கி, கண்ணாடிப் போத்தலில் அடைத்து, மூடியிட்டு விற்கிறார்கள். செய்கிறவர்களும் தமிழர்கள், குடிக்கிறவர்களும் தமிழர்கள். பனையையே வாழ்வாகக் கொண்ட அவர்களுக்கு மண்முட்டியின் அருமை தெரியாமலா போய்விட்டது? கள் கெடாமல் இருக்க வேண்டும் என்ற நிலை வந்ததும் காற்றுப் புகாத சுவரைத் தேடிப் போனார்கள், அவ்வளவுதான்.

முன்னோர்கள் மதுவை முதிரவைத்துக் குடித்தார்களே என்று அடுத்த வாதம் வருகிறது. குடித்தார்கள். ஆனால் எதில் முதிரவைத்தார்கள்? திருமுருகாற்றுப்படையும் மலைபடுகடாமும் மலைநாட்டு மக்களின் தேறல் எனும் மதுவைச் சொல்லும்போது மூங்கிலில் விளைந்த தேறலைத்தான் சொல்கின்றன. மூங்கிலின் புறத்தோல் வழவழப்பும் கெட்டியும் கொண்டது, கணுவுக்குக் கணு தானே அடைத்துக்கொண்டது, வாயும் சிறியது. முதிரவைக்கும் வேலைக்கு வெறும் மண்ணைவிட அது எவ்வளவோ மேல். பாரம்பரியத்தைத்தான் பின்பற்ற வேண்டும் என்றால் முழுப் பாரம்பரியத்தையும் படித்துவிட்டுப் பின்பற்ற வேண்டும்.

ஜார்ஜியா நாட்டின் க்வெவ்ரியையும் சிலர் எடுத்துவருகிறார்கள். மண்ணில் புதைத்த பெரிய மண்தாழிகளில் அங்கே திராட்சை மது ஊறுகிறது, யுனெஸ்கோ 2013-இல் அந்த முறையை மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, அப்படியிருக்க நாம் ஏன் மண்பானையைத் தாழ்த்த வேண்டும் என்கிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது இது: அந்தத் தாழியின் உட்புறம் தேன்மெழுகு பூசப்படுகிறது. கழுத்துவரை மண்ணுக்குள் புதைந்திருப்பதால் வெளிக்காற்றும் வெயிலும் அதன் சுவரைத் தொடுவதில்லை. உள்ளே இருப்பதும் பீரைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆல்கஹாலும் அதிகப் புளிப்பும் கொண்ட மது; தன்னைத் தானே காத்துக்கொள்ளும் வலு அதற்கு உண்டு. அந்த வலு பீருக்குக் கிடையாது.

கடல் வாணிகத்தின் பழைய சரக்கும் இதையே சொல்கிறது. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது ஆம்போரா எனும் மத்தியதரைக்கடல் மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அந்த வகை மதுச்சாடிகளுக்கு உட்புறம் பைன்மரப் பிசின் பூசுவது ரோமானியர் வழக்கம். கேரளத்தில் பட்டணம் என்ற ஊரில் கிடைத்த மேற்காசியச் சாடிகளின் உட்புறத்தில் நிலக்கீல் பூச்சு இருந்தது. பனையேறிக்குச் சுண்ணாம்பு, ஜார்ஜியனுக்கு மெழுகு, ரோமானியனுக்குப் பிசின், மேற்காசியனுக்கு நிலக்கீல். வேறுவேறு கடற்கரைகளில் வேறுவேறு காலங்களில் வாழ்ந்தவர்கள் வெறும் மண்சுவரை நம்பாமல் பூச்சு பூசியிருக்கிறார்கள். நம் காலத்து மண்பானை அன்பர்கள் மட்டும் பூச்சை விட்டுவிட்டுப் பானையை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பூச்சு வேண்டுமென்றால் பளபளக்கும் மெருகுப் பானை வாங்கலாமே என்று கேட்பார்கள். அங்கேதான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். மலிவான மெருகுகளில் காரீயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. பீரின் புளிப்பு வாரக்கணக்கில் அந்தச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் காரீயம் பானத்தில் இறங்கும். அது கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. உடம்பில் சேர்ந்தால் எளிதில் வெளியேறவும் செய்யாது. பூச்சில்லாத பித்தளைப் பாத்திரத்தில் புளி சேர்த்த குழம்பை வைக்கக்கூடாது என்பது எந்தத் தமிழ்ச் சமையலறைக்கும் தெரிந்த விதி. புளிப்புக்கும் பாத்திரத்துக்கும் ஆகாது என்ற அந்த அறிவை நொதிக்கும் பானத்தின் விஷயத்தில் மட்டும் ஏன் மூட்டைகட்டி வைக்க வேண்டும்?

மண்பானை குளிர்ச்சி தருமே என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை இருப்பதால் இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். பானைத் தண்ணீர் குளிர்வதற்குக் காரணம், தண்ணீர் சுவர் வழியே கசிந்து வெளியே ஆவியாவதுதான். உள்ளிருப்பது வெளியே வர வழியிருந்தால் வெளியிருப்பது உள்ளே போகவும் வழியிருக்கிறது. தண்ணீருக்குக் காற்று பட்டால் நட்டமில்லை. பீருக்கு அதுவே சாவு. கசிகிற பீரில் மிச்சமிருக்கும் சர்க்கரையும் புரதமும் சுவரின் துளைகளிலேயே தங்கி, அடுத்த தடவைக்குக் கெடுதலை விதைத்துவைக்கும். தூத்துக்குடி போன்ற கடலோர ஊரில் காற்றில் ஈரம் மிகுதி என்பதால் ஆவியாதலும் உள்நாட்டில் நடக்கிற வேகத்தில் நடக்காது. குளிர்ச்சிதான் வேண்டுமென்றால் மண்ணை வெளியே வையுங்கள். அகன்ற மண்தொட்டியில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் மூடிய கண்ணாடிச் சாடியை நிறுத்தி, ஈரச்சாக்கு போர்த்தி, காற்றாடியை ஓடவிட்டால் போதும். மண் தன் வேலையைச் செய்யும், கண்ணாடி தன் வேலையைச் செய்யும்.

கண்ணாடியும் எவர்சில்வரும் ஆலை முதலாளிகளின் திணிப்பு என்ற குற்றச்சாட்டுக்கும் வருகிறேன். பீர் ஏன் கெடுகிறது என்ற கேள்விக்கு நுண்ணோக்கி வழியே விடை தேடிய லூயி பாஸ்டர் 1876-இல் பீர் பற்றிய தன் ஆய்வை நூலாக வெளியிட்டார். பீரின் ஒவ்வொரு நோய்க்கும் பின்னால் ஒரு நுண்ணுயிர் இருக்கிறது என்று அவர் காட்டினார். 1883-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் எமில் ஹான்சன் தனி ஈஸ்டை மட்டும் பிரித்து வளர்த்தார். அதன் பிறகுதான் வழவழப்பான, கழுவினால் முழுதும் சுத்தமாகிற சுவர்களின் அருமையை உலகம் உணர்ந்தது. அந்த அறிவு பிறந்த ஊர் எதுவாக இருந்தாலும் அது உலகத்துக்கே பொது. பெல்ஜியத்தின் லாம்பிக் பீர் மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறதே என்றால், அந்தப் பீருக்குப் புளிப்பும் காட்டு ஈஸ்டின் மணமும்தான் இலக்கு. அதற்கு மரம் பொருந்துகிறது. சாதாரண பீர் காய்ச்சுகிறவர் அந்த உதாரணத்தைத் தனக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, எதைத்தான் வாங்குவது? பாண்டத்தைத் தேடுமுன் பாண்டம் மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண ஏல் வகைப் பீரை முதல் பாண்டத்திலேயே இரண்டு மூன்று வாரம் விட்டுவைத்தாலும் மண்டியால் கெடுதல் வராது. மாற்றும்போது படுகிற காற்றுதான் பெரிய கெடுதல். பழம் சேர்க்க வேண்டும், மாதக்கணக்கில் முதிர வேண்டும், லாகர் போல் குளிரில் நெடுநாள் கிடக்க வேண்டும் என்றால் மட்டும் இரண்டாம் பாண்டம் எடுங்கள்.

எடுத்தால் அதன் அளவு சரியாக இருக்க வேண்டும். பலரும் கோட்டைவிடுகிற இடம் இதுதான். 19 லிட்டர் பீருக்கு 19 லிட்டர் சாடிதான் வேண்டும், 25 லிட்டர் சாடி ஆகாது. முதல் நொதித்தலில் நுரை பொங்க மேலே இடம் வேண்டும். இரண்டாவதில் அந்த வெற்றிடம் முழுக்கக் காற்றுதான் நிற்கும். கழுத்து மட்டம் வரை பீர் வர வேண்டும், கழுத்தும் ஒடுங்கியிருக்க வேண்டும். வாய் அகன்ற மண்பானை இந்தச் சோதனையிலும் தேறாது.

கண்ணாடிச் சாடி காற்றை அறவே விடாது, வாடை பிடிக்காது, உள்ளே நடப்பதும் தெரியும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து துர்வாடை வரும் என்பதால் கறுப்புத் துணி போர்த்த வேண்டும். ஈரக்கையால் தூக்கக்கூடாது, சுடுதண்ணீர் ஊற்றக்கூடாது, நொதித்தல் முடியாமல் இறுக மூடவும் கூடாது. அழுத்தம் தாங்க அது செய்யப்படவில்லை. லிட்டருக்குப் பத்து கிராம் சர்க்கரை மிச்சமிருந்தாலும் ஈஸ்ட் அதிலிருந்து இரண்டரை லிட்டருக்கு மேல் வாயுவை எடுத்துவிடும். ஆகவே வாயுவை வெளியே மட்டும் விடுகிற ஏர்லாக் பொருத்துங்கள், அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரின் அளவு தொடர்ந்து மூன்று நாள் மாறாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

வசதியுள்ளவர்களுக்கு கெக் எனப்படும் எவர்சில்வர் பீப்பாய்தான் சிறந்தது. குளிர்பான நிறுவனங்கள் சர்க்கரைப்பாகு அடைத்து அனுப்பிய 19 லிட்டர் கெக்குகளே இன்று வீட்டுக் காய்ச்சலுக்குப் பயன்படுகின்றன. வெளிச்சம் புகாது, காற்று புகாது, கீழே விழுந்தாலும் உடையாது, அழுத்தம் தாங்கும், மிஞ்சிய அழுத்தத்தை விட வால்வும் இருக்கிறது. அதற்கும் ஓர் எதிரி உண்டு. உப்பளத்து ஊர்க்காரர்களுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உப்பும் குளோரினும் எவர்சில்வரில் ஊசிமுனைக் குழிகளைப் போடும். ப்ளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரிலோ, உவர்ப்பான போர் தண்ணீரிலோ அதை ஊறப்போடாதீர்கள்.

பிளாஸ்டிக்கைக் கண்மூடி வெறுக்கவும் வேண்டாம், கண்மூடி நம்பவும் வேண்டாம். வாளிகள் பெரும்பாலும் அடர்பாலிஎத்திலீனால் ஆனவை. அவற்றின் சுவர் வழியே ஆக்சிஜன் மெல்ல ஊடுருவும். இரண்டு வாரத்துக்குப் பரவாயில்லை, இரண்டு மாதத்துக்கு ஆகாது. பெட் சாடி அதைவிட மேல். கீறல் விழுந்தால் இரண்டையும் கழித்துவிட வேண்டும், ஏனென்றால் கீறலும் நுண்ணுயிருக்கு வீடுதான். அடியில் முக்கோணத்துக்குள் இருக்கிற எண் எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதைத்தான் சொல்லும், உணவுக்கு ஏற்றது என்று சான்று தராது. துறைமுக நகரங்களின் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும் டிரம்களில் முன்பு என்ன ரசாயனம் வந்தது என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் அவற்றைக் குடிக்கிற எதற்கும் தொடாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் மண்பாண்டத்தில்தான் நொதிக்கவைப்பேன் என்பவருக்கு மண்ணுக்குப் பொருத்தமான ஒரு நொதித்தலைச் சொல்கிறேன். அது காடி. ஆல்கஹாலைக் காடியாக்கும் பாக்டீரியா காற்றில்லாமல் வேலை செய்யாது. அகன்ற வாய், வெதுவெதுப்பு, முந்தைய தடவையின் உயிர் தங்கிய சுவர் என்று மண்பாண்டத்தின் குணங்கள் எல்லாம் அதற்கு வரம். ஜப்பானின் ககோஷிமாவில் வெட்டவெளியில் வரிசைவரிசையாக மண்சாடிகளை வைத்து, அரிசியிலிருந்து கருங்காடி செய்கிறார்கள். சர்க்கரையாவது, மதுவாவது, காடியாவது எல்லாம் ஒரே சாடிக்குள் நடக்கின்றன. அந்தச் சாடியை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் அதே குணங்களோடு உங்கள் பீரை வைத்தால் உங்களுக்கும் கடைசியில் காடிதான் கிடைக்கும். மண்ணின்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தனக்குத் தெரிந்த வேலையைத்தான் அது செய்கிறது.

பாரம்பரியத்தை மதிக்கிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். பனையேறியின் கலயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் அறிவை மரத்தடியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். இனிப்பு வேண்டுமா, கள் வேண்டுமா என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ப உட்சுவரைத் தீர்மானித்தவர் அவர். நீங்களும் அதையே செய்யுங்கள். வாரக்கணக்கில் தெளிய வேண்டிய பீருக்கு அளவு சரியான கண்ணாடிச் சாடியோ எவர்சில்வர் கெக்கோ வாங்குங்கள். மண்பானையையும் வாங்குங்கள், குயவரிடம் நேராகவே வாங்குங்கள். அதில் தண்ணீர் ஊற்றி வையுங்கள்.